அப்பத்தா ‘ஆமா’ என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன?

பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். “சிஸ்டர், நீங்க சொல்ற மாதிரியே நாங்க கேக்குறோம். அந்த அப்பத்தாவும் ‘ஆமா தாயி, மகன் அடிக்கிறான்’னு சொல்லிட்டா, அதுக்கப்புறம் நாங்க என்ன செய்யிறது?”

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் மருத்துவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தேன். இப்போது கிராம சுகாதார செவிலியர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள், வீடு தேடிப் போகும் வலி நிவாரணச் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் ஆகியோருக்கு முதியோர் கொடுமை பற்றி வகுப்பு எடுக்கிறேன். மேலே சொன்ன கேள்விக்குப் பதில் இல்லாமல் நடத்தும் பயிற்சி வீண் என்பதுதான் இத்தனை வகுப்புகளில் நான் கண்டது. நம் பணியாளர்களுக்குப் பார்வை கூர்மை. வாசலில் கால் வைத்ததுமே பாட்டி எங்கே படுத்திருக்கிறார், பக்கத்தில் இருக்கும் தட்டு எப்படி இருக்கிறது, சேலை மாற்றி எத்தனை நாளாயிற்று என்பதையெல்லாம் பார்த்துவிடுவார்கள். பார்த்தும் கேட்காமல் திரும்புகிறார்கள் என்றால், கேட்ட பிறகு என்ன நடக்குமோ என்ற பயம்தான் காரணம். மகன் சண்டைக்கு வருவான், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும், அடுத்த மாதம் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் எங்கள் வகுப்பில் முதல் பாதி முழுக்க, ‘ஆமா’ என்ற பதில் வந்தபின் என்ன செய்வது என்பதுதான். அறிகுறிகளும் கேள்விகளும் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு.

இந்தப் பணியாளர்களை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் அடிபடுகிற, பட்டினி கிடக்கிற முதியவர் தானாக எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. போக உடம்பில் தெம்பு இருக்காது, பஸ்ஸுக்குக் காசு இருக்காது, பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமும் வராது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. மாதாமாதம் உள்ளே வந்து, உட்கார்ந்து, பாட்டியின் கையைப் பிடித்துப் பி.பி. பார்த்துவிட்டுப் போகும் ஒரே வெளியாள் பல வீடுகளில் அந்தத் தன்னார்வலர்தான். யாரும் அவரைச் சந்தேகப்படுவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். 2017-18-ல் இந்தியாவில் நடந்த மூத்தோர் ஆய்வில் தங்களை மோசமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று வகுப்பில் கேட்டால் பின்வரிசையிலிருந்து பதில் வரும்: “கேக்கும்போது வீட்டாளுக பக்கத்துலேயே நின்னுருப்பாங்க சிஸ்டர்.” எதைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதிலும் வேறுபாடு இருக்கலாம். ஆனால் வீடு வீடாகப் போகிறவர் சொல்லும் காரணத்தை நான் முதலில் எடுத்துக்கொள்வேன்.

சரி, ‘ஆமா’ என்று சொல்லிவிட்டார். இப்போது என்ன?

முதலில், செய்யக்கூடாத ஒன்று. வெளியே வந்து மகனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பது. நல்ல மனசுக்காரர்கள்தான் இதைச் செய்வார்கள். ஆத்திரம் வருவது இயல்புதான். ஆனால் நீங்கள் அந்தத் தெருமுனையைத் தாண்டியதும் அதற்கான விலையைக் கொடுப்பது அந்த அப்பத்தாதான். அடுத்த மாதம் போனால் “தூங்குறாங்க, மாத்திரையைக் குடுத்துட்டுப் போங்க” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் போகும் உரிமை ஒருமுறை போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், இன்று இரவு அந்த வீட்டில் இருப்பது ஆபத்தா என்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டு வருகிறவர் யார், எத்தனை மணிக்கு வருவார், வெளியே பூட்டுப் போடுகிறார்களா, கூப்பிட்ட குரலுக்கு வரும் பக்கத்து வீடு இருக்கிறதா, மகள் வீடோ தங்கை வீடோ போக இடம் உண்டா. ஆபத்து என்று தெரிந்தால் 108. மருத்துவமனையில் சேர்ப்பதுதான் எங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். இதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. கவனிப்பில்லாமல் கிடக்கும் முதியவருக்கு நீர்ச்சத்துக் குறைவோ, சிறுநீர்த் தொற்றோ, ஏறிக் கிடக்கும் சர்க்கரையோ பெரும்பாலும் இருக்கவே செய்யும். “சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு, ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்” என்றால் எந்த மகனும் சண்டைக்கு வரமாட்டான். அந்த இரண்டு நாளில் பாட்டிக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கும், தனியாகப் பேச நேரமும் கிடைக்கும்.

காயத்தோடு வந்து, அடித்ததாகச் சொன்னால் பணி மருத்துவர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டு, போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். இது நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. எனவே கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். “நீங்க சொல்றத ஊர்ல யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா அடிபட்ட காயம்னா டாக்டர் எழுதித்தான் ஆகணும், அது சட்டம்.” இதைச் சொல்லாமல் வாக்குமூலம் வாங்கிவிட்டுப் பிறகு எழுதினால், அந்தப் பாட்டி இனி எந்த வெள்ளைச் சட்டையையும் நம்பமாட்டார்.

மற்றபடி, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குப் போக்சோ சட்டத்தில் இருப்பது போல, கண்டவர் கட்டாயம் புகார் செய்ய வேண்டும் என்ற விதி முதியோர் விஷயத்தில் நம் நாட்டில் இல்லை. மனம் தெளிவாக உள்ள ஒரு முதியவர் “வேண்டாம்” என்றால், அது அவர் முடிவு. வகுப்பில் பலருக்கும் இது உறுத்தும். வாரக் கூலி வாங்கிய நாளெல்லாம் மகனிடம் அடி வாங்கிய ஒரு தாத்தா எங்கள் செவிலியரிடம் சொன்னது: “அவன உள்ள தூக்கி வச்சுட்டா எனக்குக் கொள்ளி வைக்க யாரு தாயி இருக்கா?” இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை. ஆனால் புகார் வேண்டாம் என்றவருக்கும் செய்ய எவ்வளவோ இருந்தது. கூலி நாள் மாலையில் அவர் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. எதிர்வீட்டுக்காரர் நம்பரைப் பட்டன் போனில் முதல் நம்பராகப் பதிந்து கொடுத்தது. ஆதார், வங்கிப் புத்தகம் இரண்டையும் அந்தத் தங்கை மகள் வீட்டிலேயே வைத்தது. மகனை அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்கு அழைத்துப்போனது. அவன் நிறுத்தினான், மறுபடி தொடங்கினான். தாத்தா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். எங்கள் ஆள் மாதம் ஒருமுறைக்குப் பதிலாக, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். இப்படியும் ஒரு பதில் உண்டு என்று பணியாளருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால், புகார் வேண்டாம் என்றதும் கையைக் கழுவிவிடுவார்கள்.

சட்டத்தைப் பிரிவு பிரிவாக நடத்தி யாரையும் தூங்க வைப்பதில்லை. நினைவில் நிற்க வேண்டியது கொஞ்சம்தான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-ன்படி தீர்ப்பாயம் நம் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. முதியவரால் போக முடியாவிட்டால் அவர் அனுமதி பெற்ற ஒருவரோ அமைப்போ மனுக் கொடுக்கலாம். பராமரிக்க வேண்டியவரே முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதியோர் உதவி எண் 14567. பெண்கள் என்றால் 181-ம் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள், மகனிடம் அடி வாங்கும் தாய்க்கும் அது பொருந்தும். இலவச சட்ட உதவிக்கு 15100. இந்த எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பாட்டி கையில் கொடுக்கக்கூடாது, வீட்டில் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மருந்து அட்டையின் பின்பக்கம் மற்ற எண்களோடு சேர்த்து அச்சடித்துவிட்டால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

அடுத்து, தனியாகப் பேசுவது. இது ஒரு கைப்பழக்கம். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வராது, நடித்துப் பார்த்தால்தான் வரும். வகுப்பில் ஒருவர் பாட்டி, ஒருவர் செவிலியர், ஒருவர் விட்டுப் பிரியாத மருமகள். செவிலியர் மருமகளை நகர்த்த வேண்டும். “எடை பாக்கணும், திண்ணைக்கு வாங்க பாட்டி.” “யூரின் எடுக்கணும், நான் கூட்டிட்டுப் போறேன்.” “அக்கா, வெந்நீர் கொஞ்சம் வச்சுத் தாங்களேன், காலைத் தொடைக்கணும்.” மருத்துவமனை என்றால் எக்ஸ்ரே அறை வாசல்தான் சிறந்த இடம், உடன் வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். சிலர் இதில் பிறவித் திறமைசாலிகள். சிவகங்கைப் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவர் மருமகளுக்கும் பி.பி. பார்த்து, “கொஞ்சம் கூட இருக்கு, போய் அமைதியா படுத்துட்டு வாங்க, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பாப்போம்” என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். பி.பி. உண்மையிலேயே கூடியிருந்தால்தான் அப்படிச் சொல்லலாம் என்று நான் நிபந்தனை போட்டேன். ஆனால் யோசனை யோசனைதான்.

என்ன கேட்பது? கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மார்க் யாஃபி என்ற மருத்துவரின் குழு உருவாக்கி 2008-ல் வெளியிட்ட ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. ஐந்து கேள்விகள் முதியவரிடம் கேட்பவை, ஆறாவது மருத்துவர் தன் கண்ணால் பார்த்ததற்குத் தானே சொல்ல வேண்டிய பதில். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் சாரத்தை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துப் பேச்சில் கேட்கிறோம். “குளிக்க, துணி மாத்த, கடைக்குப் போக யாரு தொணை?” “சாப்பாடு, மாத்திரை, கண்ணாடி, யாராச்சும் வேணும்னே குடுக்காம விடுறாங்களா? பாக்கணும்னு நெனக்கிற ஆளப் பாக்க விடுறாங்களா?” “மனசு நோகுற மாதிரி, பயமுறுத்துற மாதிரி பேசுறாங்களா?” “பத்திரத்துல, பாஸ்புக்ல கையெழுத்து, கைநாட்டு வைக்கச் சொல்லி நெருக்குறாங்களா?” “யாரக் கண்டாவது பயமா இருக்கா? யாராச்சும் கைய வச்சாங்களா?” முதல் கேள்வி ஒரு தொடக்கம்தான், மற்றதில் ஒன்றுக்கு ‘ஆமா’ வந்தாலே அதற்கு மேல் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியல் நினைவு தெளிவாக உள்ளவர்களுக்கானது. மறதி நோய் உள்ளவர்களிடம் இதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

பதில் வரும்வரை காத்திருப்பதுதான் நம்மவர்களுக்குக் கடினம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பாட்டி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நடிப்புப் பயிற்சியில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை “பொறுங்க” என்பதுதான்.

இன்னொரு சிக்கல். தன்னார்வலர் அதே ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். சித்தப்பா வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு அவரால் என்ன செய்ய முடியும்? பாட்டியும்தான் எப்படிச் சொல்வார்? அதனால் உறவு வீடு, பகை வீடு இரண்டிலும் அவர் கேள்வி கேட்க வேண்டாம், பார்த்ததை மட்டும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும் என்று வைத்திருக்கிறோம். செவிலியர் ‘கால் புண் பார்க்க’ என்று போவார்.

உடம்பில் தெரியும் அடையாளங்களில் தோல் கன்றல் (ரத்தம் கட்டி நிறம் மாறுவது) பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வயதானவர்களின் தோல் மெலிந்துபோயிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவருக்குக் கட்டில் காலில் இடித்தாலே கன்றிப்போகும். அமெரிக்காவில் லாரா மாஸ்கெடா என்ற மருத்துவரின் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன. கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து அது எத்தனை நாள் காயம் என்று சொல்லவும் முடியாது. அதே குழுவினர் பிறகு, அடிபட்ட முதியவர்களைப் பார்த்தபோது கன்றல்கள் பெரிதாக, 5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது அதிகம் என்றும், முகம், முதுகு, கையின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வருகின்றன என்றும் கண்டார்கள். எனக்கு மிகவும் உதவியது இன்னொன்று: தற்செயலாகக் கன்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்படி வந்தது என்றே நினைவில்லை, அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆக, கேட்டால் சொல்வார்கள். நாம்தான் “கீழ விழுந்தீங்களா?” என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுகிறோம். “இது எப்படி ஆச்சு?” என்று மட்டும் கேட்க வேண்டும்.

படுக்கைப் புண் வந்தாலே வீட்டார் கவனிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. மெலிவுக்குக் காசநோய், புற்றுநோய், பொருந்தாத பல்செட் என்று எவ்வளவோ காரணம் இருக்கலாம். மறதி நோய் உள்ள பாட்டி “சோறே போடல” என்று சாப்பிட்டுக் கைகழுவிய உடனே சொல்வார். அதற்காக மறதி உள்ளவர் சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளவும் கூடாது. அவர்கள்தான் சுலபமாக அடிபடுகிறவர்கள்.

மாத்திரை மிச்சத்தை எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பாட்டிக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை மிஞ்சிக்கொண்டே இருந்தது. மறதி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தன்னார்வலர் விசாரித்ததில், மகனும் மருமகளும் விடியற்காலையில் செங்கல் சூளைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள், இரவுதான் அடுப்பு எரிகிறது, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு ஒருமுறை மயங்கி விழுந்ததால் பாட்டியே நிறுத்திவிட்டார் என்று தெரிந்தது. இது கொடுமையா, வறுமையா? கூடம் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். நான் பெயர் வைப்பதில் நேரம் செலவழிப்பதில்லை. பூட்டிய வீடு தீப்பிடித்தால் உயிருக்கு ஆபத்து, பூட்டுவது நிற்க வேண்டும். மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்குச் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு என்பதை ஊரே மறந்துபோயிருந்தது, அதை வாங்கித்தர வேண்டும். அந்த வீட்டில் மகன் கெட்டவன் இல்லை. சொன்னதும் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினான்.

மருமகள் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். யாரிடம் கேட்டாலும் முதியோர் கொடுமை என்றதும் மருமகளைத்தான் கைகாட்டுகிறார்கள். எங்கள் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர்கள், அவர்களே மருமகள்கள். அவர்களுக்குத் தெரியும், படுத்த படுக்கையான மாமியாருக்கு மலம் அள்ளுவது யார் என்று. மகன்களும் மகள்களும் சும்மா இருக்க, தனியாக ஐந்தாறு வருடம் பார்த்துக் களைத்துப்போன ஒரு பெண் ஒருநாள் கன்னத்தில் அறைந்துவிடுகிறாள். அந்த அறை தப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குத் தேவை தண்டனையைவிட, வாரம் இரண்டு நாள் வேறொருவர் வந்து பார்த்துக்கொள்வது. “நீங்க நல்லா தூங்கி எத்தன நாளாச்சு?” என்று மருமகளிடமும் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறோம். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குத்தான் அழுகை வந்திருக்கிறது.

பணம் வேறு கதை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் ஆனது 2023-ல். அந்தப் பணத்தை எடுக்கும் அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அதைவிடப் பெரியது வீடு. உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2007 சட்டத்தின் 23-வது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது. அந்த நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. நம் வேலைக்கு இதன் பொருள் எளிது: எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று சொல்லும் முதியவரிடம், “நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதச் சொல்லுங்க” என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வார்டில் பணிபுரிகிறவர்களுக்கு இன்னொன்று. பார்வையாளர் நேரத்தில் பையில் ஸ்டாம்ப் பேடோடு வருவார்கள். மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைப்பதை நானே தடுத்திருக்கிறேன். சண்டை போட வேண்டியதில்லை. “டூட்டி டாக்டர் வந்து நினைவு தெளிவா இருக்குன்னு எழுதினாத்தான் வார்டுல கையெழுத்து வாங்கலாம்” என்று சொல்லிவிட்டு, கேஸ் ஷீட்டில் நேரம், நோயாளியின் நினைவு நிலை, வந்தவர் யார், என்ன நடந்தது என்று எழுதி வைத்தால் போதும். பின்னாளில் வழக்கு வந்தால் அந்த நாலு வரி பேசும்.

எழுதும் முறையையும் பழக்குகிறோம். ‘மகன் கொடுமைப்படுத்துகிறார்’ என்று எழுதக்கூடாது, அது நம் கருத்து. ‘“சின்னவன் விறகுக் கட்டையால அடிச்சான்” என்று நோயாளி கூறினார்; இடது முதுகில் 7 செ.மீ. நீளக் கன்றல்’ என்று எழுத வேண்டும். அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே எழுத வேண்டும். உடல் வரைபடத்தில் இடத்தைக் குறிக்க வேண்டும். கருத்து வேறு, கண்டது வேறு என்று பிரித்து எழுதப் பழகியவரின் குறிப்பைத்தான் நீதிமன்றம் மதிக்கும்.

விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்தில் வகுப்பு எடுக்கும்போது தலைக்கூத்தலைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீராகக் குடிக்கவைத்து முடித்துவிடுவது. உடல் குளிர்ந்து, நெஞ்சில் சளி கட்டி, ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் இளநீரின் பொட்டாசியத்தைத் தாங்காமல் உயிர் போகும். ஊரில் இதைக் கொலை என்று யாரும் சொல்வதில்லை. செவிலியரிடமே சிலர் “ஒரு ஊசியப் போட்டு விட்ருங்க, இழுத்துக்கிட்டே கெடக்கு” என்று கேட்பதுண்டு. அப்படிக் கேட்டால் முகம் சுளித்துவிட்டு எழுந்து வந்துவிடக்கூடாது. “அது கொலை, நான் செய்யமாட்டேன், நீங்களும் செய்யக்கூடாது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு, “அவங்களுக்கு எது தாங்கல? வலியா, புண்ணா? உங்களுக்கு எது தாங்கல?” என்று கேட்க வேண்டும். வலிக்கு மார்ஃபின் உண்டு, புண்ணுக்கு மருந்து உண்டு, வலி நிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருவார். அன்றைக்கே மருத்துவ அலுவலருக்குத் தகவல் போக வேண்டும், மறுநாள் யாராவது அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே ஒரு காவல். ஆபத்து அன்றைக்கே என்று தெரிந்தால் 108-ம் போலீஸும்தான், அங்கே தயக்கத்துக்கு இடமில்லை.

நம் பக்கத்தையும் பேசாமல் இந்தப் பயிற்சி நேர்மையாகாது. முதியோர் இல்லம், நீண்டகாலப் பராமரிப்பு நிலையம் போன்ற இடங்களில் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பேர், முந்தைய ஆண்டில் தாங்களே ஏதாவது ஒரு வகையில் முதியவரை மோசமாக நடத்தியதாகச் சொன்னார்கள் என்பதும் உலக சுகாதார நிறுவனம் தரும் தகவல்தான். வார்டில் “ஏ கெழவி, சும்மா கெட” என்பது, டயப்பரைக் காலையிலிருந்து மாற்றாமல் விடுவது, பெட்பேனுக்குக் காசு கேட்பது, உளறுகிறார் என்று கைகளைக் கட்டிலோடு கட்டுவது, மறைப்பு இல்லாமல் எல்லார் முன்னாலும் துணியை விலக்குவது. இதையெல்லாம் பார்க்காதவர் நம்மில் யார்? இந்தப் பகுதியில் கூடம் அமைதியாகிவிடும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல; இரவுப் பணியில் ஒரு செவிலியருக்கு எத்தனை கட்டில் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மனுக் கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், ‘கெழவி’யை ‘அம்மா’ ஆக்குவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

பயிற்சியில் நாங்கள் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது எதுவென்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இந்த மனுக்களைக் கையாளும் உதவியாளரைக் கூடத்துக்கே அழைத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்ததுதான். மனு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எந்த மனு தேங்கிப்போகிறது என்றும் சொன்னார்: பிள்ளைகளின் சரியான முகவரி இல்லாதது, ஆதார் நகல் இல்லாதது, செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலோ ஆவண எண்ணோ இல்லாதது. முதியவருக்கு நடக்க முடியாவிட்டால் அனுமதிக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பலகையில் எழுதிப் போட்டார். என்னிடம் கேட்டதைவிட அவரிடம்தான் அதிகம் கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு தன்னார்வலர் தன் பையிலிருந்து கசங்கிய பத்திர நகல் ஒன்றை எடுத்து, “சார், இது செல்லுமா?” என்று நீட்டினார். அவர் ஊர்ப் பாட்டியுடையது. எத்தனை மாதமாகப் பையில் இருந்ததோ தெரியாது. அடுத்த வகுப்புக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்தும் ஒருவரை அழைத்திருக்கிறோம், நிபந்தனையோடு பத்திரம் எழுதுவது எப்படி என்று சொல்லித் தருவதற்கு.